மூக்கர் துப்பிய ஒயின்

அன்று காலை நானும் அத்தையும் சேர்ந்து ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு வந்தோம். வேண்டுமென்று செய்யவில்லை. நாலு கேள்வி கேட்கத்தான் போனோம். ஆனால் துப்பறிகிறவர்கள் ஒரு கடைக்குள் நுழைந்து நாலு பேர் முன்னால் கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்று அத்தைக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் கேட்டுவிட்டார். அதனால்தான் என் ஸ்கூட்டரின் பின்னால் வாயே திறக்காமல் உட்கார்ந்து வந்தார்.

அத்தை என்றால் சொந்த அத்தை, அப்பாவின் தங்கை. துப்பறியும் நிறுவனத்தின் முதலாளியும் அவரே. வேலை நேரத்தில் 'மேடம்' என்று கூப்பிட வேண்டும் என்பது எனக்குக் கட்டளை. அவர் மட்டும் என்னை எந்த நேரத்திலும் 'குண்டூசி' என்றுதான் கூப்பிடுவார். உடம்பு ஒல்லி, தலை பெரிசு. மறுத்துப் பேச வழியில்லை.

"என்ன மேடம், பேசவே மாட்டேங்கறீங்க? என் மேல கோபமா?"

"உன் மேல நாத்தம்டா. மூச்சை அடக்கிக்கிட்டு வர்றேன்."

அதுவும் உண்மைதான். காலையில் வீட்டுக்கு மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது அத்தையின் போன் வந்தது. நான் அவசரத்தில் வண்டியை முறுக்க, பை கிழிந்து மீன் தண்ணீர் முழுக்க என் பேன்ட்டில் இறங்கிவிட்டது. மாற்றிக்கொள்ள நேரம் கொடுக்கவில்லை அந்த மகராசி.

எங்களைக் கூப்பிட்டவர் பெரிய மனிதர். தேயிலைக் கம்பெனியில் தலைமை ருசி பார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, துப்பிவிட்டு அவர் சொன்னால் அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். தொழிலில் அவருக்கு 'மூக்கர்' என்று பெயர். அவர் வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறை கட்டி, அதில் வைக்க நல்ல ஒயினாகத் தேர்ந்தெடுத்துத் தரும் பொறுப்பை ஒரு கடைக்காரம்மாவிடம் கொடுத்திருந்தார். அந்த அம்மாவுக்கு அதுதான் தொழில். வீட்டுக்காரர்களின் ருசியைக் கேட்டு, அலைந்து திரிந்து, ஒவ்வொரு பாட்டிலாகப் பொறுக்கிக் கொண்டுவந்து அடுக்கித் தருவார்.

நேற்று மூக்கர் வீட்டில் நண்பர்களுக்கு விருந்து. அந்த நண்பர் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்காரர் முதலில் ஒரு வாய் குடித்து, அது எப்படிப்பட்ட ஒயின் என்று சொல்லித் தலையாட்ட வேண்டும். அப்புறம்தான் மற்றவர்கள் கிளாஸில் ஊற்றுவார்கள். இருப்பதிலேயே உசத்தியான பாட்டிலை மூக்கர் திறந்தார். மோந்தார். ஒரு வாய் குடித்தார். துப்பினார். "போலி. என்னை ஏமாத்திட்டா" என்று கத்திவிட்டு, பாட்டிலைக் கொண்டுபோய்க் கொட்டச் சொன்னார். நண்பர்கள் எல்லோரும் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள்.

இன்று சாயங்காலம் போலீசில் புகார் கொடுக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் துப்பறிகிறவரின் அறிக்கை ஒன்று வேண்டும். அந்த அறிக்கைக்குத்தான் காலையில் கடைக்குப் போய், "இந்தப் பாட்டிலை எங்க வாங்கினீங்க? யார் கொடுத்தது? அது உண்மையானதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அத்தை கேட்டார். கடைக்காரம்மா நிதானமாகவே பதில் சொன்னார். ஒயின் வைத்திருக்கிற இடத்துக்கு மீன் வாடை ஆகாது என்று என்னை மட்டும் வாசலில் நிறுத்திவிட்டார்கள். அதனால் உள்ளே அத்தை பார்க்காததை நான் பார்த்தேன். ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு படியிறங்கிய தம்பதி, உள்ளே கேட்ட பேச்சில் அப்படியே நின்று, திரும்பப் போய்ப் பெட்டியைக் கல்லாவிலேயே வைத்துவிட்டு வெளியேறினார்கள். நாங்கள் கிளம்புவதற்குள் இரண்டு பேர் போன் பண்ணி ஆர்டர் வேண்டாம் என்றார்கள்.

கடைக்காரம்மா அழவில்லை. "உங்க வேலையை நீங்க செய்யறீங்க" என்று மட்டும் சொன்னார். அத்தைக்கு அதுதான் தாங்கவில்லை.

மூக்கர் வீட்டு வாசலில் அவர் மனைவி எங்களைப் பார்த்ததும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க உள்ள வர முடியாது. நிலவறைக்குப் பூ வெச்சுக்கிட்டுக்கூட யாரும் போகக் கூடாது. என் தம்பி தலைக்குத் தைலம் தடவிட்டு வந்தான்னு இவர் வாசலோட திருப்பி அனுப்பினவரு."

"நான் வேணா தோட்டத்துல காயறேங்க" என்றேன்.

"பூனை தூக்கிட்டுப் போயிடும். பேசாம நில்லு" என்றார் அத்தை.

அதற்குள் மூக்கரே வெளியே வந்துவிட்டார். உயரமான ஆள், வெள்ளைச் சட்டை, கோடு போட்டது போல் மீசை. "ஏன் வாசல்லயே நிக்கறீங்க? வாங்க, வாங்க. தம்பியும் வரட்டும்" என்று என் தோளில் கையைப் போட்டு அழைத்துக்கொண்டு போனார். எனக்குப் பெருமையாகிவிட்டது. காலையிலிருந்து என்னை மனுஷனாக மதித்த முதல் ஆள் அவர்தான். அவர் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார். அத்தை அவரையும் பார்த்தார், மூக்கரின் கையையும் பார்த்தார்.

நிலவறையில் குளிர் எலும்பைத் தொட்டது. சுவர் முழுக்க மரத்தடுப்புகள். அவற்றில் பாட்டில்கள் படுத்துக் கிடந்தன. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சின்னக் கரும்பலகையில் சாக்பீஸ் எழுத்து.

"எல்லாம் ஏன் சார் படுத்திருக்கு? ஏற்கனவே குடிச்சிருச்சா?" என்று கேட்டேன்.

மூக்கர் சிரித்தார். "படுத்திருந்தாத்தான் தக்கை நனைஞ்சபடி இருக்கும் தம்பி. தக்கை காஞ்சா காத்து நுழைஞ்சிடும், உள்ள இருக்கறது புளிச்சிடும். இந்த வரிசை சும்மா ரெண்டு பேர் வந்தா திறக்க. இது மழை நாளைக்கு. இது இருக்கே, இன்னும் பொறுக்கணும், பேத்தி கல்யாணத்துக்கு. அவ பொறந்த வருஷத்துல போட்டது. அந்தம்மா எங்கெங்கயோ அலைஞ்சு தேடிக் கொண்டாந்தா."

சொல்லிவிட்டு அந்த வரிசையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

"எந்தம்மா சார்?" என்றார் அத்தை.

"அதான்... அந்தக் கடைக்காரி."

"நேத்து பாட்டிலை நீங்க துப்பினதுக்கு அப்புறம் வேற யாராவது குடிச்சுப் பார்த்தாங்களா?"

"நான் சொன்னதுக்கு அப்புறம் யாரு குடிப்பாங்க?"

"சரி. மத்த பாட்டில்ல எதையாவது திறந்து பார்த்தீங்களா?"

"எதுக்கு?"

"அதையும் அவங்கதானே கொடுத்தாங்க?"

மூக்கர் ஒரு பாட்டிலின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம், "மனசு சரியில்ல. அறிக்கையைச் சீக்கிரம் கொடுங்க" என்று மேலே ஏறிப் போய்விட்டார்.

அத்தை என் பக்கம் திரும்பினார். "டேய் குண்டூசி, சந்தையில ஒரு கத்திரிக்கா சொத்தையா இருந்தா என்ன பண்ணுவே?"

"பையைக் கொட்டி மத்ததையும் பார்ப்பேன்."

"இவர் பார்க்கல. வா, சமையல்கட்டுக்கு."

சமையல்காரர் எங்களைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே போட்டார். எடுத்தார். மறுபடியும் போட்டார். பெரிய உடம்பு, குழந்தை முகம். அத்தை எதுவும் கேட்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சில பேரிடம் அதுவே போதும்.

"அம்மா, நான் செத்துடுவேனா?" என்றார் சமையல்காரர்.

"எப்பக் குடிச்சீங்க?"

"ராத்திரி. ஐயா கொட்டச் சொன்னாரு. கொட்ட மனசு வரல. கறி வேகறப்ப ஊத்தலாம்னு தக்கையைச் சொருகி ஃபிரிட்ஜுல வெச்சேன். அப்புறம் கொஞ்சம் நாக்குல விட்டுப் பார்த்தேன். அப்புறம் ஒரு டம்ளர். போலின்னு தெரிஞ்சே குடிச்சேம்மா. காலையில இருந்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டே நிக்கறேன், இப்ப வலிக்குமோ அப்ப வலிக்குமோன்னு."

"வலிக்குதா?"

"இல்லையே. அதுதாம்மா பயமா இருக்கு."

"ருசி எப்படி இருந்துச்சு?" என்றேன் நான்.

அவர் என் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தார். "நல்லா இருந்துச்சு தம்பி. அதைச் சொல்லவே கூசுது."

ஃபிரிட்ஜின் பின்வரிசையில், தயிர்ப் பாத்திரத்துக்கு மறைவில் பாட்டில் இருந்தது. பாதிக்கு மேல் மிச்சம். அத்தை அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "போய் அந்தக் கடைக்காரம்மாவைக் கூட்டிட்டு வா" என்றார். "கூப்பிடறப்ப, மேடம் மன்னிப்பு கேட்டாங்கன்னு சொல்லு. இல்ல, வேண்டாம். அதை நான் கேட்டுக்கறேன்."

கடையில் ஒரு ஈ காக்கா இல்லை. கடைக்காரம்மா தனியாக உட்கார்ந்து சுத்தமான கிளாஸை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் ஷட்டரை இழுத்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறினார். வழியெல்லாம் கைக்குட்டையை முகத்தில் வைத்திருந்தார். மீன் நாற்றத்துக்கா, வேறெதற்கா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சமையல்கட்டில் அத்தை எழுந்து நின்று அவரை வரவேற்றார். "காலையில நான் அப்படி எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கக் கூடாது. உங்களைத் தனியா கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். அவர் சொன்னதை அப்படியே நம்பிட்டு வந்துட்டேன்."

"எல்லாரும் அதைத்தான் பண்றாங்க" என்றார் கடைக்காரம்மா. சமையல்காரர் கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்த கிளாஸை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மோந்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்தார்.

"நேத்தே திறந்துட்டதால கொஞ்சம் சோர்ந்திருக்கு. ஆனா அதேதான். இதுல ஒரு குறையும் இல்ல." அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. "காலையில இருந்து நானே என்னைச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேங்க. அவர் மூக்கு தப்பாகாதே, அப்ப நான்தானே ஏமாந்திருக்கணும்னு."

"அப்ப மூக்கர் ஏன் துப்பினாரு?" என்றேன் நான்.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "காலையில இருந்து உன்னைப் பார்த்து மூக்கைப் பொத்தாத ஒரே ஆள் யாருடா?"

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. உறைத்ததும், என் தோளில் கிடந்த அந்தக் கை ஞாபகம் வந்து சங்கடமாகிவிட்டது.

சாப்பாட்டு மேஜையில் மூக்கர் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சுவரோரம் நின்றிருந்தார். அத்தை இரண்டு கிளாஸை மூக்கர் முன்னால் வைத்தார். கடைக்காரம்மாவைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொல்லியிருந்தோம்.

"அறிக்கை எழுதறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சந்தேகம் சார். இதுல எது நல்லது, எது போலின்னு சொல்லிடுங்க. கையெழுத்துப் போட்டுடறேன்."

மூக்கர் முதல் கிளாஸை எடுத்துச் சுழற்றினார். மூக்கருகே கொண்டுபோனார். உறிஞ்சினார். இரண்டாவதையும் அப்படியே செய்தார். பார்க்கிறவர்கள் கைகட்டி நிற்கும்படியான நேர்த்தி. வலப்பக்கம் இருந்ததைத் தள்ளிவைத்தார்.

"இது போலி. அது பரவாயில்ல, நல்ல சரக்கு."

"ரெண்டும் ஒரே பாட்டில் சார். நேத்து நீங்க கொட்டச் சொன்ன பாட்டில்."

 மூக்கரின் மீசை துடித்தது. "என்னைச் சோதிக்கிற அளவுக்கு நீங்க..." என்று எழுந்தவரை, அவர் மனைவியின் குரல் நிறுத்தியது.

"போதுங்க. உக்காருங்க. எனக்கு எப்பவோ தெரியும்."

"என்ன தெரியும்?"

"பால் பொங்கிக் கருகினப்ப நீங்க பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க. அன்னிக்கே தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். நேத்து அந்தப் பொண்ணு பேரைக் கெடுத்தப்பவும் வாயை மூடிக்கிட்டு நின்னேன். உங்க மானம் பெரிசுன்னு நினைச்சேன். எனக்கும் பங்கு இருக்கு இதுல."

மூக்கர் மெல்ல உட்கார்ந்தார். சட்டென்று வயதாகிவிட்ட மாதிரி இருந்தது.

"சில மாசம் முன்ன வந்த காய்ச்சலோட வாசனை போச்சு" என்றார். "ஜலதோஷம்னு நினைச்சேன். சரியாகல. காபி வெந்நீராயிடுச்சு. புளிப்பு, உப்பு, இனிப்பு நாக்குல தெரியுது, மத்தது ஒன்னுமே இல்ல. இவ பக்கத்துல இருக்காளான்னு கண்ணைத் திறந்து பார்த்தாத்தான் தெரியுது. டாக்டர்கிட்டகூட போகல. போனா வெளிய தெரிஞ்சிடும்."

"நேத்து?" என்றார் அத்தை.

"எல்லாரும் என் வாயையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. பழைய பாட்டில். சில சமயம் நல்லா இருக்கும், சில சமயம் கெட்டுப் போயிருக்கும். எனக்கு எதுன்னே தெரியல. நல்லா இருக்குன்னு சொல்லி, அவங்க குடிச்சுப் பார்த்து அது கெட்டதா இருந்தா? அன்னியோட என் கதை முடிஞ்சுது. கெட்டதுன்னு சொல்லிட்டா யாரும் குடிக்க மாட்டாங்க. அந்த நேரத்துக்கு அவ்வளவுதான் தோணுச்சு. கெட்டுப் போச்சுன்னு சொல்லியிருக்கலாம். போலின்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் அவங்கதான் போலீஸ், போலீஸ்னு குதிச்சாங்க. ஒரு நாள் தள்ளிப்போடத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

"அந்த ஒரு நாள்ல அவங்க கடை காலி சார். அதுல பாதி என் கைங்கரியம்." அத்தை கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே வந்த கடைக்காரம்மாவை மூக்கரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. போனை எடுத்தார். "இப்பவே சொல்லிடறேன். பாட்டில் நல்ல பாட்டில்தான், நான் ஏதோ ஞாபகத்துல மாத்தி..."

"அது செல்லாது சார்" என்றார் அத்தை. "நீங்க இரக்கப்பட்டு விட்டுட்டதா நினைப்பாங்க. இந்தம்மா மேல விழுந்த கறை அப்படியே இருக்கும். உங்க மூக்கு தப்பாகாதுன்னு நம்பித்தானே அவங்க குடிக்கல? அந்த நம்பிக்கையை நீங்கதான் உடைக்கணும். வேற வழி இல்ல."

மூக்கர் மனைவியைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். நண்பர் கூட்டத்திலேயே நாக்கு நீளமானவர் ஒரு பல் டாக்டராம். முதலில் அவருக்கே மூக்கர் போன் போட்டார். அவசரத்தில் விரல் பட்டு ஸ்பீக்கர் அழுந்திவிட்டது. அதை அணைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"எனக்கு வாசனை தெரியாதுப்பா. ரொம்ப மாசமா. நேத்து பாட்டில்ல ஒரு குறையும் இல்ல. அந்தம்மா மேல நான் பொய் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு. "பகல்லயே குடிக்க ஆரம்பிச்சிட்டியா? விளையாடாதே."

"விளையாடலப்பா. நிஜமாவே தெரியாது."

சிரிப்பு நின்றது.  பிறகு பல் டாக்டர் தணிந்த குரலில் கேட்டார். "அப்ப போன விருந்துல என் வீட்டு ஒயினைப் பிரமாதம்னு சொன்னியே?"

"அதுவும் தெரியாமத்தான் சொன்னேன்."

"அடப்பாவி! எனக்கு அது மக்கின துணி மாதிரி நாறித் தொலைஞ்சுது. பெரிய மூக்கு, நீயே நல்லா இருக்குன்னு சொல்லிட்டியேன்னு முழுசா குடிச்சேன். அத்தனை பேரும் குடிச்சாங்க. ஒருத்தனும் வாயைத் திறக்கல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை என் காலை மிதித்தார்.  "சரி, அந்தம்மாகிட்ட நாங்களும்தான் பேசணும்" என்று பல் டாக்டர் முணுமுணுத்துவிட்டு போனை வைத்தார்.

கடைக்காரம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். கடையைத் திறக்க வேண்டும் என்றார்.

"நான் எப்படி உங்ககிட்ட..." என்று தொடங்கினார் மூக்கர்.

"முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "பாட்டிலைத் திறந்து ஊத்தறதுக்கு நானே வந்திருப்பேன். தக்கையை எடுக்கறப்பவே மோந்து பார்த்து உங்க காதுல சொல்லியிருப்பேன். நீங்க அதை அப்படியே சொல்லியிருப்பீங்க. என் உயிர் இருக்கற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

அவர் படியிறங்கிப் போனார். கொண்டுபோய் விட நான் பின்னாலேயே ஓடினேன். அத்தையும் வந்தார், நடந்தே வருகிறேன், காலையில் அந்தக் கடையில் நின்றவர்களை எல்லாம் தேடிப் பிடிக்க வேண்டும் என்றார். வண்டியைக் கிளப்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூக்கர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தார். அவர் மனைவி அடுத்த நம்பரை அழுத்தி, போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.